மகரக்கட்டுக்குப் பின்: டி. கே. சண்முகமும் நடிகர்கள் தொடங்கிய ஒரு கம்பெனியும்

1925ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் தேதி திருவனந்தபுரத்தில் ஒரு நாடகக் கம்பெனி பிறந்தது. பெயர் ஸ்ரீ பால ஷண்முகானந்த சபா. முருகன் பெயரைச் சொன்னதாகவும் ஆயிற்று, கம்பெனியின் முக்கிய நடிகன் பெயரை வைத்ததாகவும் ஆயிற்று. அந்த நடிகனுக்குப் பதின்மூன்று வயது நிறைய இன்னும் இருபத்தாறு நாள் பாக்கி. அண்ணன்மார் டி. கே. சங்கரன், டி. கே. முத்துசாமி, தம்பி டி. கே. பகவதி ஆகியோருடன் சேர்ந்து அவன் நடத்திய அந்தக் கம்பெனிதான் பின்னாளில் டி. கே. எஸ். சகோதரர்கள் நாடக சபை என்று தமிழ்நாடு முழுவதும் அறியப்பட்டது. அந்தப் பையன்தான் பின்னாளில் ஔவை சண்முகம்.

தமிழ் நாடக வரலாறு எழுதியவர்கள் யாரும் சண்முகத்தை விட்டுவிடவில்லை. சங்கரதாஸ் சுவாமிகளின் கடைசி மாணவர்களில் ஒருவர், ஔவையார் வேடத்தில் உச்சம் தொட்டவர், சமூக நாடகங்களை வளர்த்தவர் என்று பட்டியல் போட்டுவிடுவார்கள். அந்தப் பட்டியலில் தவறு எதுவுமில்லை. ஆனால் சம்பளத்துக்குப் பாடி ஆடிய பையன்கள் ஏன் முதலாளிகள் ஆனார்கள், ஆனதால் மேடையில் என்ன மாறியது என்ற கேள்வியை யாரும் அவ்வளவாகக் கேட்டதில்லை. பாட்டே உயிராக இருந்த தமிழ் நாடகம் வசனத்தின் பக்கம் நகர்ந்ததற்கும், நடிகர்கள் கையில் கம்பெனி வந்ததற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு என்பது என் கணிப்பு. அதற்கு முதலில் பாய்ஸ் கம்பெனி என்ற அமைப்பைக் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ் மேடைக்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று ஸ்பெஷல் நாடகம். ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்து வருவார், ஆர்மோனியக்காரர் இன்னோர் ஊர். அன்றிரவு ஒத்திகை இல்லாமலே மேடையேறி, வள்ளி திருமணத்தையோ பவளக்கொடியையோ விடியவிடிய நடத்திவிட்டு அவரவர் ஊருக்குப் போய்விடுவார்கள். எல்லோருக்கும் மனப்பாடமான பாடம்தான். போட்டி யார் தொண்டை பெரிது என்பதில். பாட்டில் ஒருவரை ஒருவர் மடக்கும் தர்க்கம்தான் ஜனங்கள் காத்திருந்த கட்டம். வல்லவர்களுக்கு இதில் நல்ல பணம். ஆனால் ஒருவர் குடித்துவிட்டு வந்தாலும், வராமலே போனாலும் கேட்க ஆள் இல்லை.

இந்தக் கட்டுப்பாடின்மையைக் கண்டு சலித்தவர்களில் ஒருவர் சங்கரதாஸ் சுவாமிகள். 1867இல் தூத்துக்குடி அருகே காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர், பழனி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் படித்தவர். ஆரம்பத்தில் யமன், சனீஸ்வரன் என்று பயங்கர வேடங்கள் கட்டியவர். பிறகு வேடத்தை விட்டு எழுதுவதிலும் கற்பிப்பதிலும் இறங்கினார். பெரியவர்களைத் திருத்துவதைவிடப் பிள்ளைகளைப் பழக்குவது சுலபம் என்று கண்டு, 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா உருவானபோது அதன் ஆசிரியராக நின்றார். ஸ்திரீபார்ட் நடிகரான டி. எஸ். கண்ணுசாமிப் பிள்ளை தம் பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்த்தது இந்தச் சபாவில்தான். சண்முகத்துக்கு அப்போது வயது ஆறு.

பாய்ஸ் கம்பெனியில் பையன்கள் சேர்வது பள்ளிக்கூடத்தில் சேர்வது போல அல்ல. தகப்பனோ காப்பாளரோ இத்தனை வருஷம் என்று ஒப்பந்தம் எழுதிக் கொடுப்பார். சம்பளம் வீட்டுக்குப் போகும். பையனுக்குச் சோறு, துணி, பாடம், அடி. கம்பெனி ஓர் ஊரில் மாதக்கணக்கில் முகாம் போடும். காலையில் பாட்டுச் சாதகம், பகலில் ஒத்திகை, இரவு பத்து மணி வாக்கில் நாடகம், முடியும்போது விடிந்திருக்கும். ஒலிபெருக்கி கிடையாது. தகரக் கொட்டகையில் தரை டிக்கெட்டின் கடைசி வரிசை வரைக்கும் போய்ச் சேரும்படி, ஆர்மோனியமும் பின்பாட்டும் முழங்க, உச்சக் கட்டையில் பாட வேண்டும். அப்படிப் பாடுவதற்குப் பையன்களின் குரல் வாய்ப்பானது. கூர்மை உண்டு, கனம் இல்லை. பெண் வேடத்துக்கும் அதே குரல், அரசகுமாரன் வேடத்துக்கும் அதே குரல். சுருக்கமாகச் சொன்னால், கம்பெனியின் மூலதனம் படுதாவும் சீனும் அல்ல, பத்துப் பன்னிரண்டு வயதுத் தொண்டைகள்.

அந்த மூலதனத்துக்கு ஒரு கெடு இருந்தது. பையனுக்குப் பதின்மூன்று, பதினான்கு ஆனால் குரல் உடையும். நாடகக்காரர்கள் இதை மகரக்கட்டு என்பார்கள். நேற்று வரை ஒன்ஸ்மோர் வாங்கியவன் இன்று சுருதியோடு சேரமாட்டான். சில பேருக்குச் சில மாதங்களில் நல்ல ஆண்குரல் வந்து அமையும், பல பேருக்கு அமையாது. அதுவரை முதலாளி ஏன் சோறு போட வேண்டும்? அவனுடைய பாட்டைப் பாட அடுத்த பையன் தயாராக நிற்கிறான். பி. யு. சின்னப்பா இதற்கு நல்ல சாட்சி. மீனலோசனி சபாவில் தொடங்கி, பிறகு மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் பாட்டுக்காகவே பேர் வாங்கிய பையன் அவர். குரல் உடைந்ததும் கம்பெனியை விட்டு வெளியேறினார். கர்நாடக சங்கீதத்தை முறையாகக் கற்று, உடற்பயிற்சி செய்து, ஸ்பெஷல் நாடகங்களில் மறுபடி தலையெடுத்து, அங்கிருந்து சினிமாவுக்குப் போனார். சின்னப்பா ஜெயித்ததால் அவர் கதை நமக்குத் தெரிகிறது. ஜெயிக்காதவர்கள் ஆர்மோனியப் பெட்டி தூக்கினார்கள், சீன் இழுத்தார்கள், சமையல்கட்டில் ஒதுங்கினார்கள், ஊருக்குப் போனார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெயரும் எழுதப்படவில்லை.

சண்முகத்தின் குழந்தைப் பருவத்தில் ஓர் இரவு இந்த அமைப்பின் பெருமையையும் சிறுமையையும் ஒருசேரக் காட்டுகிறது. சண்முகமே தம் சுயசரிதையில் அதைச் சொல்லியிருக்கிறார். சிறுவனுக்கு ஏற்ற நாடகம் ஒன்று வேண்டும் என்று சுவாமிகளுக்குத் தோன்றியது. இரவில் விளக்கை வைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்தார். விடிந்தபோது ‘அபிமன்யு சுந்தரி’ முழு நாடகமும், பாட்டும் வசனமுமாக, அடித்தல் திருத்தல் பார்க்க நேரமில்லாத வேகத்தில் எழுதி முடிந்திருந்தது. அபிமன்யு வேடம் சண்முகத்துக்கு. ஒரு மகாவித்துவான் ஒரு சிறுவனின் தொண்டையை அளந்து, அதற்கு என்ன வரும், எது வராது என்று பார்த்து, ஒரே ராத்திரியில் அதற்கு நாடகம் தைத்துக் கொடுத்திருக்கிறார். இப்படி ஒரு கொடுப்பினை அன்றைய பையன்களில் எத்தனை பேருக்கு இருந்திருக்கும்! அதே சமயம், நாடகம் கம்பெனியின் சொத்து. பாடினவனுக்கும் உரிமை இல்லை, எழுதினவருக்கும் உரிமை இல்லை. சுவாமிகள் பக்கவாதத்தில் விழுந்து, பேச்சிழந்து, 1922 நவம்பர் 13ஆம் தேதி புதுச்சேரியில் காலமானார். இத்தனை நாடகம் எழுதிய மனிதர் சேர்த்து வைத்தது என்று எதுவும் இல்லை. நாற்பதுக்கும் மேற்பட்ட நாடகங்களால் பல முதலாளிகள் பிழைத்தார்கள்.

பத்து வயதில் இதைப் பார்த்த பையன்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் பாடம் புரிந்திருக்கும். 1925இல் சொந்தக் கம்பெனி கண்டதை நான் இந்தப் பின்னணியில்தான் வாசிக்கிறேன். மூத்த இரு அண்ணன்மாருக்கும் மகரக்கட்டு வயது வந்துவிட்டது, சண்முகத்துக்கு வாசலில் நிற்கிறது. பிறர் கம்பெனியில் இருந்தால் இன்னும் ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ. சொந்தக் கம்பெனியில் குரல் போனாலும் ஆளை யாரும் வெளியே அனுப்ப முடியாது. சுயசரிதையில் இப்படி ஒரு காரணத்தைச் சண்முகம் பச்சையாகச் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். அவர் குடும்பத்தின் துணிவையும் முருகன் அருளையும் சொல்வார். வயதுக் கணக்கு சொல்வதை நான் சொல்கிறேன்.

சகோதரர்கள் வேலையைப் பங்கு போட்டுக்கொண்ட விதத்திலும் இந்தக் கணக்கு தெரிகிறது. மூத்தவர் சங்கரன் மேடையிலிருந்து நகர்ந்து நிர்வாகம் பார்த்தார். முத்துசாமி நாடகம் எழுதுவதிலும் பயிற்றுவிப்பதிலும் இறங்கினார். சண்முகம் கதாநாயகனும் இயக்குபவரும். பகவதி வளர்ந்து கம்பீரமான உருவமும் குரலுமாக வந்து சேர்ந்தார். ஒரு தொண்டை ஓய்ந்தால் அந்த மனிதனுக்கு இன்னொரு வேலை காத்திருந்தது. பாய்ஸ் கம்பெனி முதலாளிகளால் இதைச் செய்ய முடியவில்லை. அவர்களுக்குப் பையன்கள் கூலி, இங்கே கூடப் பிறந்தவர்கள்.

பாட்டை மட்டும் நம்பிக் கம்பெனி நடத்தினால் ஆண்டுதோறும் புதுப் பையன்களைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். பாட்டு குறைந்து நடிப்பும் வசனமும் கூடினால், வளர்ந்த ஆளை வைத்தே நாடகம் நடத்தலாம். சகோதரர்கள் இதைக் கொள்கையாக வகுத்துக்கொண்டு செய்தார்கள் என்று சொல்ல மாட்டேன். கைக்கு வந்த வழி அதுவாக இருந்தது. அந்த வழியைக் காட்டியவர் எம். கந்தசாமி முதலியார், நடிகர் எம். கே. ராதாவின் தந்தை. ஜே. ஆர். ரங்கராஜுவின் துப்பறியும் நாவல்களையும் வடுவூர் துரைசாமி ஐயங்காரின் ‘மேனகா’வையும் நாடகமாக்கிப் பயிற்சி கொடுத்தவர். அவர் நாடகத்தில் நாரதருக்கு வேலையில்லை. வக்கீலும் டாக்டரும் மைனரும் மாமியாரும் வந்தார்கள். கிரீடமும் பூச்சும் இல்லாமல் வேட்டி சட்டையோடு மேடையில் நிற்கிற ஆள், திடீரென்று தர்க்கப் பாட்டு எடுத்தால் சபை சிரிக்கும். ஆக, பாட்டு குறைந்தே தீர வேண்டும்.

பம்மல் சம்பந்த முதலியார் இதற்கு வெகுகாலம் முன்பே, 1891இல் சுகுண விலாச சபை தொடங்கி, வசன நாடகத்தைப் படித்தவர்கள் மத்தியில் நிலைநாட்டியிருந்தார் என்பது உண்மை. ஆனால் அவர் கூட்டத்தில் இருந்தவர்கள் வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும். வசூல் வராவிட்டாலும் மறுநாள் வீட்டில் உலை கொதிக்கும். டிக்கெட் பணத்தில் நாற்பது, ஐம்பது பேர் சாப்பிட வேண்டிய கம்பெனி, பாட்டுக்காக வருகிற ஜனங்களிடம் பாட்டைக் குறைத்துக்கொண்டு போவது வேறு காரியம். சகோதரர்கள் அந்தத் துணிச்சலைச் செய்தார்கள். பம்மலின் நாடகங்களையும் எடுத்துப் போட்டார்கள். பழைய சுவாமிகள் நாடகங்களையும் கைவிடவில்லை. வாரத்தில் ஒரு நாள் கோவலன், ஒரு நாள் மேனகா என்று கலந்து ஓட்டினால்தான் கல்லாப்பெட்டி நிற்கும் என்ற நடைமுறை ஞானம் அவர்களிடம் இருந்தது.

அரசியலும் இந்த வசனத்தோடு சேர்ந்தே உள்ளே வந்தது. வெ. சாமிநாத சர்மாவின் ‘பாணபுரத்து வீரன்’ ஆட்சியாளர் தடைக்கு ஆளான நாடகம். அதைத் ‘தேசபக்தி’ என்று பெயர் மாற்றி மேடையேற்றினார்கள். மதுரகவி பாஸ்கரதாஸ் பாட்டு எழுதினார். அதில் என். எஸ். கிருஷ்ணன் காந்தி மகான் கதையை வில்லுப்பாட்டாகச் சொன்னார். நாஞ்சில் நாட்டு அம்மன் கோயில் கொடையில் கேட்டு வளர்ந்த வில்லிசையைக் கொட்டகைக்குள் கொண்டுவந்து, அதில் காந்தியை உட்காரவைத்தது அவருடைய சாமர்த்தியம். கலைவாணர் என்று நாம் அறிந்த ஆள் உருவானது இந்த மேடையில்.

1931இல் தமிழ் பேசும் படம் வந்தது. பல கம்பெனிகளுக்கு அதுவே மரண ஓலை. கொட்டகைச் சொந்தக்காரர்கள் திரை கட்டி மெஷின் வைத்துவிட்டால் நாடகத்துக்கு இடமே கிடைக்காது. ஸ்திரீபார்ட்டும் ராஜபார்ட்டும் ஒவ்வொருவராகப் படத்துக்குப் போவார்கள், கம்பெனி கரைந்துபோகும். டி. கே. எஸ். கம்பெனி வேறு விதமாக இதைக் கையாண்டது. 1935இல் ‘மேனகா’ படமானபோது, நடிகர்கள் தனித்தனியே போகாமல், கம்பெனியே போய் நடித்தது. இயக்கியவர் ராஜா சாண்டோ. தமிழின் முதல் சமூகப் படங்களில் அதுவும் ஒன்று, என். எஸ். கிருஷ்ணனுக்கும் அங்கேதான் திரை அறிமுகம். படம் முடிந்ததும் திரும்பி வந்து நாடகம் போட்டார்கள். நிருபமா தேவியின் வங்க நாவலைத் தழுவி முத்துசாமி ஆக்கிய ‘குமாஸ்தாவின் பெண்’ணும் மேடையில் வென்று, 1941இல் படமாயிற்று. சினிமாவைப் பகையாக நினைத்து ஒதுங்கவும் இல்லை, அதில் ஐக்கியமாகி மறையவும் இல்லை. கம்பெனி என்ற உருவம் கலையாமல் இருந்ததால்தான் இது கைகூடியது.

ஔவையார் வேடத்தை இந்தப் பின்னணியில் பார்த்தால் அதன் அருமை இன்னும் விளங்கும். நாற்பதுகளில் சண்முகத்துக்கு முப்பது வயது கடந்துகொண்டிருந்தது. பெயர் பெற்ற கதாநாயகன். தகப்பனார் ஸ்திரீபார்ட் கட்டிப் புகழ்பெற்றவர், ஆனால் அது இளம்பெண் வேடம், அதற்கு இளங்குரல் வேண்டும். மகன் எடுத்ததோ கிழவி வேடம். தளர்ந்த நடை, பொக்கை வாய், நடுக்கமும் கனிவும் கலந்த குரல். உடைந்த குரல் இங்கே குறையாக நிற்கவில்லை, வேடத்துக்கு அதுவே கருவியாயிற்று. பாய்ஸ் கம்பெனி எந்தக் குரலை வெளியே தள்ளியதோ அந்தக் குரலில் ஒரு பெண் வேடத்தைக் கட்டி, நாடெங்கும் கூட்டம் சேர்த்தார். பெயருக்கு முன்னால் ‘ஔவை’ ஒட்டிக்கொண்டது. ஆண்கள் பெண் வேடம் கட்டும் வழக்கம் தேய்ந்து, எம். எஸ். திரௌபதி போன்ற நடிகையர் அதே கம்பெனியில் நடிக்கத் தொடங்கிவிட்ட காலத்தில் இது நடந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். ஆகவே இதைப் பழைய ஸ்திரீபார்ட் மரபின் எச்சமாக எண்ணிவிடக் கூடாது. ஒரு நடிகர் வயதையும் உடலையும் குரலையும் தாமே மாற்றிப் படைத்த பாத்திரம் அது. நாடகத்தை நடத்துகிறவரே நடிகராக இருந்ததால் இப்படி ஒரு சோதனைக்கு இடம் கிடைத்தது. கதாநாயகனைக் கிழவியாக்க வேறு எந்த முதலாளி துணிவார்?

நடிகர்களை எப்படி நடத்தினார்கள் என்பதில் புகழ்மொழிகளை மட்டும் நம்பக்கூடாது. நமக்குக் கிடைக்கும் பெரிய ஆதாரம் சண்முகத்தின் ‘எனது நாடக வாழ்க்கை’. தமிழ் நாடகத்தைப் பற்றி இத்தனை விவரமான சுயசரிதை குறைவு. ஊர், கொட்டகை, வசூல், சண்டை, சமாதானம் என்று ஞாபகமாக எழுதியிருக்கிறார். ஆனால் அது ஒரு முதலாளி எழுதிய புத்தகமும்கூட. தாம் சம்பளப் பையனாக இருந்தபோது பட்ட அடியை நினைவுகூர்கிற அதே கையால், பின்னாளில் கம்பெனியை விட்டுப் போனவர்களின் நன்றிகெட்டதனத்தையும் தொட்டுக்காட்டுகிறார். போனவர்கள் பக்கக் கதை நம்மிடம் கொஞ்சம்தான் இருக்கிறது. சொந்தக் கம்பெனி கண்ட பிறகும் பையன்களைச் சேர்த்துக்கொள்வதும் கண்டிப்பும் தொடரத்தான் செய்தன. மாற்றம் என்று சொல்ல வேண்டியது, நடிகர்கள் படிக்க வேண்டும் என்ற பிடிவாதம். கம்பெனிக்குள்ளே கையெழுத்துப் பத்திரிகை நடந்தது. நடிகர்களே எழுதினார்கள். ப. ஜீவானந்தம் போன்றவர்கள் வந்து பேசினார்கள். பாட்டு மனப்பாடம் செய்ய மட்டும் எழுத்துக் கற்ற ஒரு கூட்டத்துக்கு இது சின்ன விஷயமில்லை.

அந்தக் கம்பெனியிலிருந்து போனவர்கள் என்ன ஆனார்கள் என்று பார்த்தால் வேறொரு சித்திரம் கிடைக்கிறது. என். எஸ். கிருஷ்ணன் சொந்த நாடக சபை கண்டார். கே. ஆர். ராமசாமி தஞ்சாவூரில் கிருஷ்ணன் நாடக சபை நடத்தி, அண்ணாவின் ‘வேலைக்காரி’யையும் ‘ஓர் இரவு’வையும் மேடையேற்றினார். எஸ். வி. சகஸ்ரநாமம் சேவா ஸ்டேஜ் அமைத்து பி. எஸ். ராமையாவையும் தி. ஜானகிராமனையும் நாடகம் எழுத வைத்தார். ‘தேரோட்டி மகன்’, ‘நாலு வேலி நிலம்’ எல்லாம் அப்படி வந்தவை. இங்கே பெண் வேடம் கட்டிக்கொண்டிருந்த ஏ. பி. நாகராஜனும் தமக்கென்று ஒரு சபை வைத்து நடத்தி, பிறகு பட இயக்குநரானார். ஒரு கம்பெனியில் சம்பளம் வாங்கியவர்களில் இத்தனை பேர் தனித்தனியே சபை தொடங்கினார்கள் என்றால், நடிகனும் கம்பெனி நடத்தலாம் என்பதைக் கண்ணால் பார்த்துப் பழகியதுதான் காரணமாக இருக்க வேண்டும். விட்டுப் போனார்களே என்று சண்முகத்துக்கு வருத்தம் இருந்திருக்கலாம். நாடக வரலாற்றுக்கு அது லாபம்.

சகோதரர்கள் எழுத்தாளர்களைத் தேடிப் போனதும் தனியே சொல்ல வேண்டியது. சுவாமிகள் காலத்தில் நாடக ஆசிரியர் கம்பெனியில் சாப்பிட்டுக்கொண்டு எழுதுகிற வாத்தியார். இவர்கள் நாடகப் போட்டி வைத்து வெளியிலிருந்து எழுத்தாளர்களை அழைத்தார்கள். அரு. ராமநாதனின் ‘இராஜராஜ சோழன்’ அப்படிக் கிடைத்தது. கு. சா. கிருஷ்ணமூர்த்தியின் ‘அந்தமான் கைதி’, நாரண துரைக்கண்ணனின் ‘உயிரோவியம்’, அகிலனின் ‘வாழ்வில் இன்பம்’ எல்லாம் இந்த மேடைக்கு வந்தன. 1944இல் ஈரோட்டில் நாடகக் கலை மாநாடு கூட்டுவதிலும் முன்னால் நின்றார்கள். நாடகக்காரன் என்றால் வீடு வாடகைக்குக் கொடுக்காத ஊர்களில், நாடகத்துக்கென்று மேடை போட்டு அறிஞர்களைப் பேச வைத்தது அந்தஸ்துக்காகப் போட்ட சண்டை.

பாட்டு யாருக்குச் சொந்தம் என்ற பழைய கேள்வி 1948இல் வேறு உருவத்தில் அவர்கள் வாசலுக்கு வந்தது. சகோதரர்களின் ‘பில்ஹணன்’ படத்தில் பாரதியார் பாடல் ஒன்றைச் சேர்த்திருந்தார்கள். பாரதி பாடல்களை ஒலிவடிவில் பயன்படுத்தும் உரிமை அப்போது ஏவி. மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்தது. ஒரு நகை வியாபாரியிடமிருந்து அவர் அதை வாங்கியிருந்தார். அவர் தரப்பு சட்ட நடவடிக்கையில் இறங்கியது. வேறு படக்காரர்களாக இருந்தால் பாட்டை வெட்டியிருப்பார்கள், இல்லையென்றால் பணம் கொடுத்து முடித்திருப்பார்கள். சண்முகம் இரண்டும் செய்யவில்லை. பாரதி பாட்டு தனியார் சொத்தாக இருப்பதே தவறு என்று பொதுப் பிரச்சினையாக்கினார். நாரண துரைக்கண்ணன் உள்ளிட்டோர் பாரதி விடுதலைக்காக இயக்கம் நடத்தினார்கள். திருநெல்வேலிக்குப் போய்ப் பாரதியின் மனைவி செல்லம்மாளைப் பார்த்துச் சம்மதம் கேட்டவர்களில் சண்முகமும் ஒருவர். 1949இல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் அரசு உரிமையை எடுத்துக்கொண்டது. மெய்யப்பரும் தம்மிடமிருந்த உரிமையைப் பணம் வாங்காமலே விட்டுக்கொடுத்தார். பிறகு அந்தப் படைப்புகள் மக்களுக்குப் பொதுவாயின.

இதில் ஒரு முரண் உண்டு. சுவாமிகள் எழுதிய பாட்டையெல்லாம் கம்பெனிகள் தங்கள் சொத்தாக வைத்திருந்த உலகத்தில் வளர்ந்தவர் சண்முகம். தாமும் கம்பெனி முதலாளி. அப்படிப்பட்டவர் பாட்டு பொதுச் சொத்து என்று வாதாட வந்தார். தம் படத்துக்கு வந்த வழக்கு அவரைத் தள்ளியது என்று சொல்லி நிறுத்திவிடலாம். ஆனால் குருநாதர் கதியை அருகிலிருந்து பார்த்த மனிதருக்கு, எழுதினவன் வீட்டார் ஒருபுறம் நிற்க, வாங்கினவன் இன்னொருபுறம் நிற்கிற காட்சி புதிதில்லை. சுவாமிகளைப் பற்றித் ‘தமிழ் நாடகத் தலைமையாசிரியர்’ என்று தனி நூலே எழுதியவர் அவர். கடனை அப்படித் தீர்த்தார்.

ஐம்பதுகளில் ஊர் ஊராக முகாம் போடும் கம்பெனி முறை தளர்ந்தது. சென்னையில் இருந்துகொண்டு அவ்வப்போது நாடகம் போடுகிற நிலைக்கு அவர்களும் வந்தார்கள். 1955இல் ‘இராஜராஜ சோழன்’ பெரிய செலவில் மேடையேறியது. 1961இல் ‘கப்பலோட்டிய தமிழன்’ படத்தில் சண்முகம் சுப்பிரமணிய சிவாவாக வந்தார். தொழுநோயில் உடல் குலைந்த சிவாவை மிகைப்படுத்தாமல் காட்டிய அந்தச் சில காட்சிகள், அவர் மேடையைப் பார்க்காத நம்மைப் போன்றவர்களுக்குக் கிடைத்த பெரிய சான்று. சிறுவர் நாடகங்களிலும் கடைசிக் காலத்தில் கவனம் செலுத்தினார். அவரிடம் பழகிய சிறுவர்களில் கமல்ஹாசனும் ஒருவர். 1996இல் வந்த ‘அவ்வை சண்முகி’ என்ற படத்தலைப்பு எங்கிருந்து வந்தது என்று இனி விளக்க வேண்டியதில்லை. பத்மஸ்ரீ விருது 1971இல். 1973 பிப்ரவரி 15ஆம் தேதி மறைந்தார். சில வாரங்களில் ஏ. பி. நாகராஜன் இயக்கத்தில் ‘ராஜராஜ சோழன்’ தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமாக வெளிவந்தது. கம்பெனியில் பெண் வேடம் கட்டிய பையன், கம்பெனியின் நாடகத்தைப் பெருந்திரைக்குக் கொண்டுபோனான்.

டி. கே. எஸ். சகோதரர்கள் தமிழ் நாடக இசையைக் கொன்றார்கள் என்று ஒரு குற்றச்சாட்டு ஸ்பெஷல் நாடகக் கலைஞர்கள் வட்டாரத்தில் உண்டு. அதில் ஓரளவு நியாயமும் இருக்கிறது. சுவாமிகளின் பாட்டு இன்று உயிரோடு இருப்பது மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்துத் திருவிழா மேடைகளில் ஸ்பெஷல் நாடகக்காரர்கள் பாடுவதால்தான். கம்பெனிகளால் அல்ல. ஆனால் பாட்டைக் குறைத்தவர்கள் சங்கீதம் தெரியாத ஆட்கள் இல்லை. ஆறு வயதிலிருந்து பாடிப் பிழைத்தவர்கள், குரல் உடைந்தால் ஒரு பையனுக்கு என்ன நேரும் என்று அறிந்தவர்கள். நல்ல தொண்டை இல்லாதவனும் நடிகனாக வாழலாம் என்ற நிலையை அவர்கள் உண்டாக்கினார்கள். அதற்குக் கொடுத்த விலை பாட்டு. அந்த விலை சரியானது என்பது என் முடிவு.

இந்த முடிவை மறுக்கவோ உறுதிசெய்யவோ சுயசரிதைகள் போதாது. பையன்களின் பெற்றோர் எழுதிக் கொடுத்த ஒப்பந்தங்கள், சம்பளப் பேரேடுகள், கொட்டகை வாடகைச் சீட்டுகள், நாடக நோட்டீஸ்கள், கொட்டகை வாசலில் விற்ற பாட்டுப் புத்தகங்கள் வேண்டும். பழைய நாடகக் குடும்பங்களின் டிரங்குப் பெட்டிகளில் இவை இன்னும் கிடக்கக்கூடும். உங்கள் வீட்டில் அப்படி ஏதாவது இருந்தால் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது, அங்கே கொண்டுபோய்க் கொடுங்கள்.